வட்டத்துக்குள் ஒரு வரவேற்பறை

அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு குழந்தைப் பவுடர் டப்பா இருக்கும். முகத்துக்குப் போட அல்ல. புதிதாக எந்த இடத்துக்குப் போனாலும் உள்ளங்கையில் கொஞ்சம் பவுடரைக் கொட்டி, தலைக்கு மேலே தூக்கி உதறுவார். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார். பிறகுதான் எங்கே உட்காருவது என்று முடிவுசெய்வார்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "பேரு என்னத்துக்கு? இடத்தச் சொல்லுங்க, தூரத்தச் சொல்லுங்க, போதும்" என்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் தில்லியில் இருந்தும் அந்தப் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆட்டோக்காரரிடம் பேசும் இந்தியில்கூடத் தாமிரபரணி ஓடும்.

முதலில் அவரைப் பார்த்தது கரோல் பாக்கில் ஒரு கல்யாணத்தில். பந்தி வரிசையில் வழக்கம்போல நான்தான் முதல் ஆள். தட்டில் சாம்பார் விழுந்துகொண்டிருந்தபோது அதன்மேல் வெள்ளையாக ஏதோ வந்து படிந்தது. நிமிர்ந்தால், ஒரு பெண்மணி கையை உயர்த்திக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிறார்.

"அண்ணாச்சி, காத்து இந்தப் பக்கம்தான் அடிக்கு. அந்த சிலிண்டர் வரிசைக்கும் ஒங்களுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல பாத்தியளா? தட்ட எடுத்துக்கிட்டு அங்கிட்டு வாங்க."

சந்தில் பெரிய அடுப்புகளும் அவற்றை ஒட்டி வரிசையாக கேஸ் சிலிண்டர்களும் இருந்தன. என் இடத்தைப் பிடிக்க இது ஒரு தந்திரம் என்று நினைத்தேன். நான் நகரவில்லை. அவர் மணப்பெண்ணின் அப்பாவை நாற்காலியோடு மறுகோடிக்கு நகர்த்திவிட்டுத் தானும் அங்கே போய் நின்றுகொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் வடைதான் தீர்ந்துபோயிருந்தது.

"பாத்தீங்களா, ஒண்ணும் நடக்கலையே" என்றேன், அவருடைய வடையும் சேர்த்து என் வயிற்றுக்குள் இருந்த தைரியத்தில்.

"நடக்கலன்னா சந்தோசம்தானே. நடந்தாத்தான் நான் கெட்டிக்காரியாகணுமா?" என்றார்.

பிறகு விசாரித்ததில், லோதி ரோட்டில் எங்கள் கட்டடத்திலேயே மேல் மாடியில் வேலை பார்ப்பவர் என்று தெரிந்தது. ஆபத்தான தொழிற்சாலைகளைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு வீடு கட்டக்கூடாது, அதற்கு அப்பால் என்ன கட்டலாம் என்று கருத்துச் சொல்லும் பிரிவில் அவர் அதிகாரி. அவர் மேஜைமேல் எப்போதும் ஒரு வரைபடம் விரிந்து கிடக்கும். அதில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டமும் அதைச் சுற்றி நீலத்தில் இன்னொரு வட்டமும் இருக்கும். யார் என்ன திட்டத்தோடு வந்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "உள்ள யாரு இருக்கா?"

கேன்டீனில் சமையலறைப் பக்கம் உட்காரமாட்டார். மெட்ரோவில் ஏறினால் முதலில் கதவைத்தான் பார்ப்பார். மயூர் விஹாரில் ஒரு தோழியின் வீட்டுக் கொலுவுக்குப் போனவர், வெற்றிலைபாக்கு வாங்கிக்கொண்டு வரும் வழியில் கீழே இருந்த டீசல் ஜெனரேட்டரை இடம் மாற்றச் சொல்லி காவலாளியோடு வாதாடியதாகக் கேள்வி. காவலாளி "அச்சா மேடம், அச்சா மேடம்" என்று தலையாட்டினார். அடுத்த வருடக் கொலுவுக்கு அவரை அழைக்கவில்லை என்றும் கேள்வி.

இதற்கெல்லாம் பின்னால் ஏதோ ஒரு சோகம் இருக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன். சின்ன வயதில் ஒரு பட்டாசு ஆலை, ஒரு தீ, ஒரு தம்பி என்று மனத்துக்குள் ஒரு கதையே கட்டிவைத்திருந்தேன். ஒருநாள் தேநீர் வாங்கிக்கொடுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டும்விட்டேன்.

"ஒரு கதையும் இல்ல அண்ணாச்சி" என்றார். "படிச்சேன். படிச்சத நம்புதேன். நீங்களும்தான் படிச்சிருக்கிய. ஒங்களுக்கு அதுல நம்பிக்க இல்ல, அவ்வளவுதான்."

தேநீர் வீணாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் எங்கள் சொசைட்டிக்கு நிலம் கிடைத்தது. அரசு வேலையில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, சொந்தமாக அடுக்குமாடி கட்டிக்கொள்ள ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம் அது. நான் செயற்குழு உறுப்பினர். தில்லியில் வீடு தேடும் தமிழர், பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பார். விடியற்காலையில் எழுந்து மோட்டார் போட்டு, பக்கத்து வீட்டார் முந்திக்கொண்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு வாழ்ந்த கூட்டம் நாங்கள். எனவே நகரத்தின் ஓரத்தில், ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மதிலை ஒட்டி ஒரு காலிமனை இருக்கிறது என்று தெரிந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் அங்கேதானே உற்பத்தியாகிறது! மதிலுக்கு மறுபக்கம் ஒரு குழாயைத் திருப்பினால் போதாதா! போதாக்குறைக்கு வாஸ்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, மனைக்குச் சரியாக ஈசானிய மூலையில் நீர்நிலை அமைந்திருக்கிறது, கோடியில் ஒருவருக்குத்தான் இப்படி அமையும் என்று சொல்லிவிட்டார்.

நான் இன்னும் ஒருபடி மேலே போனேன். செயலாளர் நடேசனைக் காக்காய் பிடித்து, நிலையத்துக்கு மிக அருகில் வரப்போகும் தொகுதியில், அதுவும் கீழ்வீடாக எனக்கு ஒதுக்கவைத்தேன். கீழ்வீட்டில் தண்ணீர் அழுத்தம் அதிகமாக இருக்கும், லிஃப்ட் பழுதானாலும் கவலை இல்லை. வரவேற்பறையில் சோபா எங்கே, தொலைக்காட்சி எங்கே என்று வீட்டில் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு போட்டு மனைவிக்கு விளக்கினேன். "முதல்ல வீடு வரட்டும், அப்புறம் சோபா வாங்கலாம்" என்றாள் அவள்.

அந்த நிலையத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்ய குளோரின் வாயுவைப் பெரிய பெரிய உருளைகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குழாய்த் தண்ணீரில் அந்த வாடை வராத நாள் கிடையாது. இருந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

எங்கள் கட்டட வரைபடம் கருத்துக்காக மேல் மாடியில் அவர் மேஜைக்குப் போனது. மனை முழுவதும் சிவப்பு வட்டத்துக்குள் விழுந்தது.

"நம்ம அம்மாதானே, பேசிச் சரிக்கட்டிடலாம்" என்றார் நடேசன். பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. அலுவலகத்தில் கோப்புக்குக் குறிப்பு எழுதுவதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. செத்த கோப்பை எழுப்பி உட்காரவைப்பேன் என்பார்கள். அந்தக் கர்வத்தோடு, கையில் மைசூர்பாகுப் பெட்டியோடு, நானும் நடேசனும் மாடி ஏறினோம்.

நடேசன் பெட்டியை வரைபடத்தின்மேல் வைத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் உடனே அதைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதுக்குக் கீழ ஆள்கள் இருக்காவ."

குனிந்து பார்த்தோம். வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது.

"படத்துல இருக்காது. மதில ஒட்டிக் குடிசை போட்டிருக்காவ. அந்த மதிலக் கட்ட வந்த நம்மூர்ச் சனங்கதான். நீங்க எடத்தப் பாக்கப் போனப்ப பாக்கலையா?"

பார்த்திருந்தோம். கட்டடம் எழும்பியதும் அவர்களை அப்புறப்படுத்திவிடலாம் என்றும், வீட்டுவேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்காது என்றும் ஒரே கூட்டத்தில் இரண்டையும் பேசியிருந்தோம்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "மேடம், நடுவுல அவ்வளவு உயரமா மதில் இருக்கே."

"அது கனமான வாயு அண்ணாச்சி. மேல போகாது. தரையோட ஊந்து வரும். கேட் வழியா வரும், சாக்கடை வழியா வரும். மொதல்ல கீழ்வீட்டுக்குத்தான் வரும்."

கீழ்வீடு என்றதும் என் குரல் கொஞ்சம் இறங்கியது. "சுத்தி மரம் நட்டுட்டா?"

"நல்ல காரியம். நடுங்க. நெழலு கெடைக்கும்."

"வட்டத்தைக் கொஞ்சம் சின்னதா வரையக்கூடாதா?"

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே வரைங்க. எந்த வீட்ட வெளிய எடுக்கணும்? வாயு கசிஞ்சா அங்க வந்து, 'இவியள வெளிய எடுத்தாச்சு, இங்க வராத'ன்னு நீங்கதான் அதுகிட்ட சொல்லணும்."

நான் பென்சிலை வாங்கவில்லை. ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழக்கம் எங்கள் பிரிவில் கிடையாது. அப்போதுதான் என் மூளையில் அந்தப் பிரமாதமான யோசனை உதித்தது. சிவப்பு வட்டத்துக்குள் வீடு கூடாதென்றால் சரி, வீடுகளை மனையின் மறுகோடிக்குத் தள்ளிவிடலாம், மதில் ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடம் வைக்கலாம், பள்ளிக்கூடத்தில் இரவில் யாரும் இருக்கமாட்டார்கள் அல்லவா என்றேன். நடேசன் என்னைப் பெருமையோடு பார்த்தார்.

என்னிடம் நீட்டிய பென்சிலை அவர் மேஜைமேல் வைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான், அதுவும் குரல் உயரவில்லை.

"புள்ளையள மொத வரிசையில நிறுத்துதியளா? யாரால ஓட முடியாதோ அவிய ரொம்பத் தள்ளி இருக்கணும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வயசானவங்க வீடு எல்லாம் நீல வட்டத்துக்கும் வெளிய. கிட்டத்துல வேணும்னா கார நிறுத்துங்க, செடி வைங்க. இது ஒண்ணும் பெரிய சாஸ்திரம் இல்ல."

மைசூர்பாகை எங்களிடமே கொடுத்துவிட்டார். நானும் நடேசனும் பேருந்து நிறுத்தத்தில் நின்று அதைத் தின்று தீர்த்தோம். நல்ல நெய்.

அடுத்த வாரம் அவரே மனையைப் பார்க்க நேரில் வந்தார். நாங்கள் சொசைட்டியே திரண்டு நின்றோம். அன்று மழை விட்டு, தில்லிக்காரர்கள் ஏங்கிக் கிடக்கும் கிழக்குக் காற்று, இங்கே புர்வாயி என்பார்கள், ஜிலுஜிலு என்று அடித்துக்கொண்டிருந்தது. "என்ன காத்து பாத்தீங்களா மேடம்! ஏசியே வேண்டாம்" என்றேன், விற்பனைக்காரன் தொனியில். அவர் பவுடரை உதறினார். வெள்ளைப் புகை நிலையத்தின் பக்கத்திலிருந்து நேராக வந்து நடேசனின் கறுப்புக் கோட்டில் படிந்தது.

"இந்தக் காத்துக்குத்தான் நான் பயப்படுதேன்" என்றார்.

பிறகு எங்களை அங்கேயே விட்டுவிட்டுக் குடிசைகளுக்குப் போனார். செல்வி என்ற பெண்ணின் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். அடுப்புப் புகையைக் கையால் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். நாங்கள் வெயிலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தோம்.

அவர் எழுதிய கருத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அந்த மனையில் வீடு கூடாது. இரண்டு, ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு முதலில் வட்டத்துக்கு வெளியே வீடு கொடுக்க வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குழு அன்று பற்றி எரிந்தது. தமிழருக்குத் தமிழரே எதிரி என்றார் ஒருவர். சொந்த வீடு இல்லாத வயிற்றெரிச்சல் என்றார் இன்னொருவர். மேல்முறையீடு எழுதியவன் நான். அதுதான் என் வாழ்நாளின் சிறந்த படைப்பு. அரசியல் சட்டத்தில் தொடங்கி, பாரம்பரியத்தைத் தொட்டு, மனிதாபிமானத்தில் முடித்திருந்தேன். ஒருநாள் லிஃப்டில் அவரே அதைப் பற்றிப் பேசினார்.

"வாசிச்சேன் அண்ணாச்சி. ரொம்ப நல்லா எழுதியிருக்கிய. ஒரு எடத்துலகூட காத்துன்னு ஒரு வார்த்த வரலையே?"

மேல்முறையீடு தள்ளுபடியானது. நாலா என்று இங்கே சொல்லும் பெரிய சாக்கடைக் கால்வாய்க்கு இப்பால், நீல வட்டத்துக்கும் வெளியே எங்களுக்கு வேறு மனை கொடுத்தார்கள். அதில்தான் இன்று குடியிருக்கிறோம். தண்ணீர் டேங்கரில் வருகிறது. டேங்கர் வராத காலைகளில் எங்கள் சொசைட்டியில் அவரை நினைக்காத வீடு கிடையாது, ஆனால் நல்லபடியாக நினைக்கமாட்டார்கள். கருத்தின் இரண்டாவது பகுதி என்ன ஆனது என்று கேட்காதீர்கள். கட்டப்படாத எங்கள் வீடுகளை ஒரே உத்தரவில் காப்பாற்றிவிட்டார்கள். ஆள் குடியிருந்த குடிசைகளுக்கான கோப்பு இன்னும் மேஜை மேஜையாக நடந்துகொண்டிருக்கிறது. அவர் ஓய்வுபெறும் நாள்வரை அந்தக் கோப்பைத் துரத்தினார். வழியனுப்பு விழாவில் மாலையும் கழுத்துமாக நின்றபோதுகூட, வாழ்த்த வந்த மேலதிகாரியிடம் அதைப் பற்றித்தான் கேட்டார். பிறகு பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். எதிரே பெட்ரோல் பங்க் இருக்கிறது என்று பல வீடுகளைத் தட்டிக்கழித்த பிறகு ஒரு வீடு அமைந்ததாம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, நாலாவுக்கு அப்பால், சுத்திகரிப்பு நிலையத்தின் அபாயச் சங்கு ஊதியது. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஏதோ ஒரு உருளையில் கசிவு, அடைத்துவிட்டார்கள் என்று குழுவில் செய்தி வந்தது. சங்கு நின்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவி "எங்கயும் போகாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டினேன்.

பாலத்தைக் கடந்து பழைய மனைக்குப் போனேன். மழையில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. மதில் பக்கத்திலிருந்து ஒரு பெரிய பரப்புக்குப் பச்சை முழுவதும் வெளுத்து, துவண்டு கிடந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரையின் வாடை அடித்தது. கண் எரிந்தது. நான் வெளுத்த புல்லின்மேல் நடந்துபோய் ஒரு இடத்தில் நின்றேன். அந்த இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சோபா இங்கே, தொலைக்காட்சி அங்கே. என் மகள் அந்த ஓரத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள். உடனே போனை எடுத்துப் பாளையங்கோட்டைக்கு அவரைக் கூப்பிட்டேன்.

"மேடம், நீங்க சொன்னது சரிதான்" என்று தொடங்கி, சங்கு, கசிவு, புல், என் வரவேற்பறை என்று மூச்சுவிடாமல் பேசினேன். நன்றி சொல்லும்போது குரல் உடைந்தது. அந்த உடைசல் எனக்கே பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டார்.

"குடிசைல எல்லாரும் நல்லா இருக்காவளா?"

மதில் அங்கேதான், கூப்பிடு தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"இதோ பார்த்துட்டுச் சொல்றேன் மேடம்."

"இருங்க. நீங்க இப்ப எங்க நிக்கிய?"

"அதான் சொன்னேனே, வரவேற்பறை... மனைக்குள்ள."

"கூறு இருக்கா அண்ணாச்சி? கண்ணு எரியுதா?"

"லேசா."

"மொதல்ல வெளிய வாங்க. நேரா ஓடாதிய, காத்துக்குக் குறுக்க நடங்க. வடக்க ரோடு இருக்குல்லா, அங்க போங்க. போன வைக்காதிய."

நான் போனைக் காதில் வைத்தபடி புல்லுக்குள் தடுக்கித் தடுக்கி நடந்தேன். சாலையை அடைந்தபோது மூச்சு இரைத்தது. அங்கே மேம்பாலத்துக்கு அடியில், பாத்திரமும் பாயும் குழந்தையுமாக, குடிசைக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் செல்வி எழுந்துவந்தாள்.

"சார், நீங்க எதுக்கு அதுக்குள்ள போனீங்க?"

நான் போனை அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அம்மா! நல்லாருக்கீங்களாம்மா? எல்லாரும் வந்துட்டோம்மா. வாடை வந்ததுமே அடுப்புப் பொகையப் பாத்தோம். நீங்க சொன்னாப்பல குறுக்கால வந்துட்டோம். பெரியவரத் தூக்கிட்டு வந்துட்டோம். இல்லம்மா, வீடு இன்னும் தரலைம்மா. இன்னைக்கு இங்கயே இருந்துக்கறோம். ஆமா... ஆமாம்மா..."

அப்புறம் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுமுனையில் என்னவோ கேட்டிருக்க வேண்டும்.

"அவராம்மா? எங்ககூடத்தான் நிக்கிறாரு."

அதற்குப் பிறகுதான் அவர் போனை வைத்தார்.